காது உயரம் போதும்

மூன்றாம் டிவிஷன் லயம், பிரிஞ்சாங்
20-1-1952

முனியாண்டிக்கு,

உன் அக்கா அம்மாக்கண்ணு எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று அப்துல் சுக்கூர் பாய் சொன்னார். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். சரக்கு எடுக்க ஈப்போ போனபோது உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தாராம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு சீனக் கிழவரின் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாயாம். "ஒங்க தம்பி அங்க டிரில் மாஸ்டர்லா" என்றார். நீ டாக்டரா, டிரெசரா, உருவிவிடுகிறவனா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இரண்டு வருஷமாக எனக்கு ஆசையும் இல்லை.

போன அக்டோபரில் மலையில் சறுக்கி விழுந்தேன். முதுகில் கூடை நிறையக் கொழுந்து. வலது தோளுக்குக் கீழே எலும்பு விட்டுவிட்டது. தோட்டத்து டிரெசர் பலகை வைத்துக் கட்டி, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, "அசைக்காத, அசைக்காத" என்றே இரண்டரை மாதத்தை ஓட்டிவிட்டார். எலும்பு கூடிவிட்டது. கைதான் வரவில்லை. மார்புக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது. எனக்குத் தலை முடிந்துவிடப் பக்கத்து வீட்டுச் செல்லம் வருகிறாள். இதை இடது கையால் எழுதுகிறேன். கோணலைப் பார்த்துச் சிரிக்காதே.

இப்போது ஸ்டோரில் காம்பு பொறுக்கும் வேலை. அது ஜூன் வரைதான். பிறகு பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். கொழுந்து எடுக்க முடியாதவள் என்றால் செக்ரோல் பேரேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள். கம்யூனிஸ்டுக் காட்டுக்காரன் வராமலிருக்க லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பிக்குள்ளே வீடு, பேர் உள்ளவர்களுக்கு மட்டும். இடுப்பு போன மாடசாமியின் குடும்பத்தை டிசம்பரில் கப்பலேற்றி 'ஊருக்கு' அனுப்பிவிட்டார்கள். எனக்கு எது ஊர்? நீயும் நானும் பிறந்தது கீழே ரப்பர் தோட்டத்தில். நாகப்பட்டினத்தில் இறங்கி நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

ரப்பர் மரத்தில் பால் வெட்டி உன்னைப் படிக்கவைத்தேன் என்பதற்காகக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது நீ வரவில்லை. அதை மறந்துவிட்டும் கேட்கவில்லை. கை எழும்ப வேண்டும். வழி தெரிந்தால் எழுது.

அம்மாக்கண்ணு


ஈப்போ
29-1-1952

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் வைத்திருந்தேன். நல்ல சேதிக்கு நீ எழுத மாட்டாய் என்று தெரியும்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் எலும்பைப் பார்ப்பார், நர்ஸ் மிஸ்ஸிமார் புண்ணைப் பார்ப்பார்கள். அந்த ஆள் எழுந்து வீட்டுக்குப் போனால் படி ஏறுவானா, துணி பிழிவானா, சைக்கிள் மிதிப்பானா என்று பார்ப்பது என் வேலை. எந்த மூட்டு எவ்வளவு திரும்புகிறது, எந்தத் தசை தூங்கிவிட்டது என்று அளந்து, அதை எழுப்ப அசைவு சொல்லிக் கொடுப்பேன். வெள்ளைக்கார மிஸ்ஸி ஒருவர் மூன்று வருஷம் கற்றுக்கொடுத்தார். இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கும் தெரியாது. வார்டில் என்னை டிரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. இரண்டரை மாதம் பூட்டிவைத்த கதவு துருப்பிடித்திருக்கிறது. முதல் வாரம், இடது கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலது கையை வாளி போலத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டு. நீ தூக்காதே, அது தானாக ஆடட்டும். அடுத்த வாரம் சுவர் பக்கம் திரும்பி நின்று விரல்களால் சுவரில் ஏறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடுவிரல் எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டுத் தேதி எழுது. மூன்றாவது வாரம் வீட்டு உத்தரத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொள். இடது கையைக் கீழே இழுத்தால் வலது கை மேலே போகும். வலிக்கும். கண்ணில் தண்ணீர் வந்தால் நிறுத்து, அதற்கு முன்னால் நிறுத்தாதே.

மச்சான் காலமானபோது நான் வராததைப் பற்றி எழுதியிருக்கிறாய். தந்தி கிடைத்தது. அன்று வழி அடைத்திருந்தது.

உன் தம்பி
முனியாண்டி


மூன்றாம் டிவிஷன்
24-2-1952

முனியாண்டிக்கு,

நீ சொன்னபடி வாளியாட்டம் ஆடினேன். சுவரும் ஏறினேன். மூன்று கரிக்கோடு போட்டாயிற்று. முதல் கோடு என் கழுத்துக்கு நேரே, மூன்றாவது மோவாய்க்கு நேரே.

கயிறுதான் கூத்தாகிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்தில் கயிற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். செல்லம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள், கை போனவள், ஸ்டூல் மேலே கயிறும் கையுமாக நிற்கிறேன். "ஐயோ எக்கா, வேணாங்கா" என்று என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லயமே கூடிவிட்டது. நான் கயிற்றை இழுத்துக் காட்டிய பிறகும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. தானும் இழுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எனக்கும் தோள்பட்டை ஒரு வருசமா குத்துது, நானும் வரவாக்கா?" என்கிறாள். இப்போது தினமும் என் வீட்டுக்கு வந்து கயிறு இழுக்கிறாள். சிரித்து ரொம்ப நாளாகிறது, அன்றைக்குச் சிரித்தேன். அதை உன்னிடம் மறைப்பதற்கில்லை.

வழி அடைத்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அவரை எடுத்த அன்று கீழேயிருந்து மூன்று முட்டைக்கோஸ் லாரி வெறுமையாக ஏறி வந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாக்கண்ணு


ஈப்போ
2-3-1952

அக்காவுக்கு,

மோவாய்வரை வந்தது நல்ல சேதி. மிஸ்ஸியிடம் சொன்னேன், கைதட்டினார்.

ஒரு விஷயம் கேட்க வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பால்மரம் தெரியும். நீ மரத்தைச் சுற்றி வந்து கத்தியை இழுக்கும்போது எந்தக் கால் முன்னால் இருக்கும் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. தேயிலை வேலையை நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் கையைத் தலைக்கு நேரே முழுதாகத் தூக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதை எழுதியவரும் தேயிலையைப் பார்த்திருக்க மாட்டார். நீ காலையிலிருந்து என்னென்ன செய்கிறாய், எந்தக் கை எங்கே போகிறது, எழுது. உனக்கு அற்பமாகத் தெரிவதையும் விடாதே.

மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முனியாண்டி


மூன்றாம் டிவிஷன்
16-3-1952

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதும் மலைக்குப் போவோம். ஆளுக்கு ஒரு நிரை. செடி இடுப்பு உயரம்தான். இரண்டு கையாலும் கிள்ள வேண்டும், இரண்டு இலை ஒரு மொட்டு. கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீச வேண்டும், கொழுந்து கூடையில் விழும். திரும்பிப் பார்க்கிறவள் புதுசு என்று அர்த்தம். கூடை முதுகில், அதன் கயிறு தலையில். நிரை முடிந்ததும் கூடையை இறக்கி முற்றல் இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு இறங்குவோம். நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் போடத்தான் இரண்டு கையும் மேலே போகும். நான் விழுந்ததும் அப்போதுதான்.

செல்லத்தோடு நின்றுவிடும் என்று பார்த்தேன், இப்போது எட்டுப் பேர். ஒருத்திக்குக் கழுத்து, ஒருத்திக்கு முட்டி. பெரட்டுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று செய்கிறோம். நான் உன் கடிதத்தை வாசிப்பேன், அவர்கள் கை கால் ஆட்டுவார்கள்.

கிராணி என்னைக் கூப்பிட்டு, "கை எப்படிம்மா இருக்கு?" என்றார். நன்றாக ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அவர்தான் செக்ரோல் எழுதுகிறவர். தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதங்களை அவர் பிரித்துப் பார்க்கிறார் என்று பேச்சு. இனிமேல் அப்துல் சுக்கூர் பாய் கடைக்கு அனுப்பு.

அம்மாக்கண்ணு


ஈப்போ
27-3-1952

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ எழுதியபடி நின்று, முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு, காகிதத்தைக் கிழித்து வீசிப் பார்த்தேன். வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். கை காது உயரம் வந்தால் கொழுந்து வீசலாம். காது உயரம் போதும், அக்கா. தலைக்கு மேலே போக வேண்டியது கூடைக் கயிறு போடும் அந்த ஒரு அசைவுக்குத்தான். அது கடைசியில்தான் வரும்.

பயிற்சியை விடாதே. எட்டுப் பேருக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடு, சேர வருகிறவர்களையும் சேர்த்துக்கொள். கிராணிக்கும் மற்றவர்களுக்கும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். முழுப் பலம் வந்த பிறகு துரைக்குக் காட்டினால் போதும். அதுவரைக்கும் பொறுமையாக இருங்கள்.

முனியாண்டி


ஈப்போ
19-4-1952

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வருஷப்பிறப்புக்கு எழுதுவாய் என்று பார்த்தேன். பாய் கடைக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதைத் தோட்டத்து ஆபீசுக்கே அனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற ஐயா யாராக இருந்தாலும் அவருக்கும் வணக்கம். இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் போலீஸ் வந்தது, ஓர் இன்ஸ்பெக்டரும் ஒரு தமிழ்க் கான்ஸ்டபிளும். "மலையில யாருக்கு ட்ரெயினிங் குடுக்கிறே? எத்தனை பேரு?" என்று கேட்டார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. எட்டுப் பேர் என்று உண்மையைச் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது. அவர்கள் கையில் என் கடிதம் இருந்தது. இங்கிலீஷில் அதை எனக்கே வாசித்துக் காட்டினார்கள். பயிற்சி, எட்டுப் பேர், ஆள் சேர்ப்பு, யாருக்கும் தெரிய வேண்டாம், பலம் வந்ததும் துரைக்குக் காட்டுவோம். அக்கா, அதைக் கேட்டபோது நானே என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

மிஸ்ஸி வந்து பேசினார். பயிற்சி அறையைக் காட்டினேன். கயிறு, சுவர்க்கோடு, கால் தூக்குகிற அந்தச் சீனக் கிழவர், எல்லாம். கான்ஸ்டபிளுக்குப் புரிந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, உன் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன்னை என்ன செய்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

 வார்டில் யாருக்கோ எண்ணிக்கொண்டிருப்பேன், ஆறுக்குப் பிறகு ஏழு வராது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இனி சொல்ல வாய்க்குமோ என்னவோ. மச்சான் செத்த அன்று வழி அடைக்கவில்லை. நான் மலையடியில் தாப்பாவரை வந்தேன். பட்டாளக் காவலோடு போகிற கான்வாய் நின்றுகொண்டிருந்தது, லாரியில் எனக்கு இடமும் இருந்தது, ஏறி உட்கார்ந்தும் விட்டேன். முன்னால் நின்ற லாரியின் கதவில் குண்டு போன ஓட்டைகள். எண்ணினேன், ஏழு. இறங்கிவிட்டேன். பயத்தால் வரவில்லை, வேறு காரணமே இல்லை.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திட்டி எழுது.

முனியாண்டி


மூன்றாம் டிவிஷன்
3-5-1952

முனியாண்டிக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஒன்பது நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தேன்.

மலைக்கோ ஸ்டோருக்கோ போகிறவர்கள் யாரும் சோறு கொண்டுபோகக்கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். அதற்காகக் கேட்டில் சோதனை போடுகிறார்கள். சோதிக்கிற பொம்பளை என் மடியில் கையை விட்டாள். உன் கடிதம் வந்தது. காவலுக்கு நின்ற மலாய்ப் பையனுக்குத் தமிழ் தெரியாது, பயந்துவிட்டான். துப்பாக்கியை நீட்டி, "அங்காட் தாங்ஙான்" என்று கத்தினான். கையைத் தூக்கு என்கிறான். இடது கை மேலே போய்விட்டது. வலது கை காதோடு நின்றுவிட்டது. அதை இடுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். செல்லம் குறுக்கே விழுந்து, கை வலி என்று மலாயில் "சாக்கித், சாக்கித்" என்று கத்தியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

கடிதத்தை இங்கிலீஷில் சொன்னது கிராணி. அவர் பொய் சொல்லவில்லை, நீ எழுதியதை வரிக்கு வரி சொன்னார். நீதான் பயிற்சி என்று எழுதினாய். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கும் அதே சொல்தானாம். என் வீட்டுச் சுவரில் இருந்த கரிக்கோட்டையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பாய் கடையை இரண்டு நாள் மூடவைத்தார்கள்.

ஸ்டேஷனில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்டார், கை ஊனம் என்றால் காட்டு என்று. அதைத் தமிழில் சொல்ல எதிரே உட்கார்ந்திருந்தவர் கிராணி. கை நன்றாகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை. எழும்பாது என்று காட்டினால் வெளியே வரலாம், பேர் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுப்பிக் காட்டினால் பேர் இருக்கும், நான் உள்ளே இருப்பேன். கிராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைத்தான் காட்டினேன். காது வரைக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் நம்பாமல் தானே பிடித்து மேலே தள்ளினார். நான் போட்ட சத்தத்தில் கையை விட்டுவிட்டார். மறுநாள் என்னையும் விட்டுவிட்டார்.

கிராணி துரையிடம் சொல்லிவிட்டார். டாக்டர் ஜூன் வரை காத்திருக்கப் போவதில்லை, இருபத்துநாலாம் தேதி வருகிறார். கம்பி வேலி முடிந்துவிட்டது. வீட்டுக் கதவுகளுக்குப் பெயிண்டால் எண் போடுகிறார்கள். என் கதவில் எண் இல்லை. குழாயடிக்கு நான் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். செல்லத்தின் புருஷன் அவளை என் பக்கம் திரும்பக்கூடாது என்று சொல்லிவிட்டான். கூடப்பிறந்த தங்கை போல இருந்தவள், வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறாள்.

நீ ஒன்று செய். அம்மாக்கண்ணு கை முழுக்கக் குணமாகிவிட்டது, எந்த வேலையும் செய்யலாம் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் ஒரு சொல்லால் வந்ததை உன் ஒரு சொல்லாலேயே தீர்த்து வை.

தாப்பாவில் இறங்கினதை எழுதியிருந்தாய். இரண்டு வருஷம் கழித்தாவது எழுதினாயே. 

அம்மாக்கண்ணு


ஈப்போ
12-5-1952

அக்காவுக்கு,

அந்தக் காகிதத்தை எழுத மாட்டேன். எழுதினால் டாக்டர் உன்னைத் தலைக்கு மேலே கையைத் தூக்கச் சொல்வார், அங்கேயே பொய் தெரிந்துவிடும். அவர் விட்டாலும் மலை விடாது. நிறைந்த கூடையோடு இன்னொரு தடவை விழுந்தால் அந்தத் தோளை யாராலும் சரிசெய்ய முடியாது.

டாக்டர் மிஸ்ஸிக்குத் தெரிந்தவர். மிஸ்ஸி கடிதம் கொடுத்திருக்கிறார். பாஸ் கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதிக் கான்வாயில் நான் வருகிறேன்.

முனியாண்டி


ஈப்போ
30-5-1952

அக்காவுக்கு,

ஒழுங்காக வந்து சேர்ந்தேன். வரும்போது தாப்பாவில் நான் இறங்கவில்லை, வந்து நின்றதை நீயே பார்த்தாய். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்பதை அதே லாரியில் வந்த பாய் உன்னிடம் சொல்லியிருப்பார்.

நான் கிளம்பும்போது நீ வெளியே வரவில்லை. கோபம் எதற்கு என்று தெரியும். டாக்டரிடம் நான் கொடுத்த காகிதத்தைக் கிராணி உனக்கு வாசித்துக் காட்டியபோது உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதை என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நான் வராதிருந்தால் டாக்டர் டிஸ்பென்சரியில் வைத்து உன்னைக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். உன்னைப் பார்த்த ஒவ்வொருவரும் கையைத் தூக்கு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் அவரிடம், தூக்கச் சொல்லாதீர்கள், கொழுந்து எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மனிதர் நல்லவர், சப்பாத்தில் சேறு பட நிரைக்கே வந்துவிட்டார். நீ கிள்ளினாய், வீசினாய், திரும்பிப் பார்க்கவே இல்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு மாதமாகத் தோளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். நீ சரிவில் நிற்பது முழுக்க முழங்காலிலும் இடுப்பிலும் இருக்கிறது என்று அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

கூடையை இறக்கி மறுபடி ஏற்றும்போது மட்டும் உன் வலது கை காதோடு நின்றுவிட்டது. டாக்டர் பார்க்கிறாரே என்று கங்காணி ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அதனால்தான் அந்த வரியை எழுதினேன். "எல்லா வேலைக்கும் தகுதி உண்டு. நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் போடும்போது மட்டும் மூன்று மாதத்துக்கு இன்னொருவர் பின்னால் நின்று கூடையைத் தாங்க வேண்டும்." டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உன் பேர் செக்ரோலில் இருக்கிறது. கதவுக்கு எண் போட்டிருப்பார்கள்.

"என் பக்கத்துல நிக்கவே ஆள் இல்ல, தாங்கறதுக்கு எவ வருவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய்.  உடம்புக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எழுதினேன். ஆள் வருவாளா என்று அளக்க எனக்குத் தெரியாது. யாரும் வராவிட்டால் கூடையைத் தூக்காதே. கங்காணியிடம் காகிதத்தைக் காட்டு.

உன் வீட்டில் மச்சான் படத்துக்கு முன்னால் நின்றேன். நீ அடுப்படியில் இருந்தாய். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

தம்பி
முனியாண்டி


மூன்றாம் டிவிஷன், கதவு எண் 41
15-6-1952

அன்புள்ள தம்பிக்கு,

நீ கண்ணை மூடிக்கொண்டு வந்ததைப் பாய் சொன்னார். கையில் ஒரு சாத்துக்குடியைக் கொடுத்தாராம், நீ பிரிஞ்சாங் வரை அதைப் பிழிந்துகொண்டே வந்தாயாம். சட்டையெல்லாம் சாறு என்று அவர் கடையில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வந்தாயே.

மலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் நிரை முடிந்து கூடையை இறக்கி முற்றலைப் பொறுக்கினேன். கங்காணியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் சத்தமாக, "யாராச்சும் வந்து புடிங்கம்மா" என்றார். இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துக் கூடையில் ஏதோ வேலை இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. குழாயடியில் என்னோடு நின்ற எட்டுப் பேரையும் ஸ்டேஷனுக்கு இழுத்திருக்கிறார்கள். செல்லத்தை இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். நான் உள்ளே இருந்தபோது அவள் அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறாள்.

கூடையைத் தூக்காதே என்று எழுதியிருந்தாய். தூக்காமல் நிறுவைக்கு எப்படிப் போவேன்? கொழுந்து கருத்துப்போகும். நீ முழங்காலைப் பற்றிச் சொன்னாயே, அதை யோசித்தேன். படிக்கட்டு மாதிரி வெட்டிய சரிவில் மேல்படியில் கூடையை வைத்துவிட்டுக் கீழ்ப்படியில் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்தால் கயிற்றை இடது கையாலேயே தலையில் போட்டுவிடலாம். வலது கை காதோடு நின்று ஒதுக்கிவிட்டால் போதும். பிறகு முன்னால் குனிந்து காலால் எழுந்தேன். முதல் தடவை கூடையோடு பின்னால் சாய்ந்துவிட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை எழுந்து நின்றுவிட்டேன். உன் புத்தகத்தில் இது இருக்காது, எழுதிக்கொள்.

பத்து நாள் இப்படியே போயிற்று. நிறுவையில் கடைசி ஆளாகப் போவேன், ஆனால் போய்விடுவேன். உனக்கு எழுதி, "அந்த வரியை அடித்துவிடு, எனக்கு யாரும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு வீம்பும் இருந்தது.

நேற்று நிரை முடிந்து வழக்கம் போல உட்கார்ந்து கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டேன். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். பின்னால் யாரோ படியில் இறங்கும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. கூடைக்கு அடியில் இரண்டு கை வந்தது. "எந்திரிக்கா, நிறுவை மணி அடிக்கப் போறான்லா" என்றாள் செல்லம்.  மேலே ரோட்டில் அவள் புருஷன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி, நான் தனியாக எழுந்துவிடுவேன். கால் ஊன்றியாயிற்று, பாதி எழுந்தும் விட்டேன். ஆனாலும் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவள் தூக்கும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

உன் அக்கா
அம்மாக்கண்ணு